பச்சிளங் குழந்தையின் இரத்தநாளக் கட்டி: வாய்வழி மருந்துகள் ஓர் ஒப்பீடு



இன்றைய சொற்பொழிவின் பொருள், பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தோலில் சிவந்து எழும்பி வளரும் இரத்தநாளக் கட்டிக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது முதலில் நிற்கத் தக்கது, எது ஏன் பின்னுக்குச் சென்றது, எதை எந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று தெளிவதாகும். இந்த ஒப்பீட்டுக்கு மூன்று கேள்விகள் வேண்டும். எந்த மருந்து? எந்த வாரத்தில்? யார் கையால்? முதல் கேள்விக்கு மருத்துவ உலகம் பெரும்பாலும் விடை கண்டுவிட்டது. மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடை மருத்துவமனையில் மட்டும் இல்லை. மலேசியாவின் பேரா மாநிலக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

முதலில், இந்தக் கட்டி என்பது என்ன? மருத்துவர்கள் ஹெமாஞ்சியோமா என்றும் மக்கள் செம்மச்சம் என்றும் குறிப்பிடும் இது, இரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் அளவுமீறிப் பெருகுவதால் உண்டாகும் கட்டி. இது புற்றுநோய் அன்று. உடலின் வேறிடத்துக்குப் பரவுவதும் இல்லை. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு இது தோன்றுகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைந்து பிறந்தவர்களுக்கும், இரட்டையராகப் பிறந்தவர்களுக்கும் மிகுதியாகத் தோன்றுகிறது. தோலின் மேற்பரப்பில் இருந்தால் பளிச்சென்ற சிவப்பாகவும், ஆழத்தில் இருந்தால் நீலம் பாய்ந்த வீக்கமாகவும் தெரியும். மாநிறமும் கருநிறமும் உடைய குழந்தைகளுக்கு அந்தச் சிவப்பு அத்தனை பளிச்சென்று தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மட்டும் தெரியலாம் என்பதால், தமிழ்க் குடும்பங்களில் இது கண்ணுக்குத் தப்புவது எளிது.

பிறந்தபோது பல குழந்தைகளுக்கு ஒன்றுமே இருக்காது; இருந்தாலும் வெளிறிய புள்ளியோ மெல்லிய செங்கோடோதான் இருக்கும். பின்னர்தான் அது வளரத் தொடங்கும். பெற்றோர் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களை வரிசைப்படுத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடையேதான் வளர்ச்சி மிக வேகமாக இருக்கிறது என்று காட்டியது. குழந்தைக்கு மூன்று மாதம் நிறையும்போது கட்டி தன் முழு அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பெரும்பாலான கட்டிகள் ஐந்தாம் மாதத்தோடு வளர்ந்து முடிகின்றன. அதன் பிறகு, ஒரு வயதுக்கு மேல், மெல்ல மெல்லச் சுருங்கி நான்கு, ஐந்து வயதுக்குள் பெருமளவு அடங்கிவிடுகின்றன.

அடங்கிவிடும் என்றால், மருந்து எதற்கு? இது நியாயமான கேள்வி. நேர்மையான விடையும் இதற்கு உண்டு. பெரும்பாலான கட்டிகளுக்கு மருந்தே வேண்டியதில்லை. முதுகிலோ வயிற்றிலோ சிறிய அளவில் இருக்கும் கட்டியைக் கவனித்து வந்தாலே போதும். ஆனால், கண்ணிமையில் வளரும் கட்டி பார்வையை மறைத்து, அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே கெடுத்துவிடக்கூடும். தாடையைச் சுற்றித் தாடி வளரும் இடத்தில் பரவும் கட்டி, மூச்சுக்குழாயின் உள்ளேயும் இன்னொன்று இருக்கலாம் என்பதற்கு அறிகுறி. உதட்டிலும் டயப்பர் உரசும் இடத்திலும் இருப்பது வெடித்துப் புண்ணாகி, பால் குடிக்கும்போதும் மலங்கழிக்கும்போதும் குழந்தையைத் துடிக்க வைக்கும். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் இருப்பது சுருங்கிய பிறகும் உருக்குலைவை விட்டுச் செல்லும். உடலில் ஐந்தோ அதற்கு மேலோ கட்டிகள் இருந்தால் ஈரலிலும் இருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் காத்திருக்கக் கூடாத கட்டிகள். தானாக மறைந்தவை என்று எண்ணப்படுபவற்றிலும், மருந்து கொடுக்காமல் விடப்பட்ட கட்டிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஸ்பானிய ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டவை தொய்ந்த தோலையோ, கொழுப்புத் திரட்சியையோ, விரிந்த நுண்குழாய்களையோ தடமாக விட்டுச் சென்றதைப் பதிவு செய்தது.

பேராவின் தோட்டப்புற வாழ்வை இங்கே நினைவுகூர்வது பொருத்தமானது. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்ட பின், காலப்போக்கில் இந்த மாநிலத்தின் தமிழர் வரலாறு ரப்பர் மரத்தோடு பிணைந்தது. லயம் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மருத்துவம் என்பது பெரும்பாலும் டிரெசர் என்னும் தோட்டத்து மருத்துவ உதவியாளர்தான். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கட்டிய அவருக்கு, குழந்தையின் கன்னத்தில் எழும்பிய சிவப்புக் கட்டிக்குக் கொடுக்க அந்நாளில் எதுவும் இல்லை. விடிவதற்குள் பால்வெட்டுக்குப் போன தாய் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல, அந்தக் கட்டி கிரகணத்தின் விளைவு என்றோ, கருவுற்ற காலத்து ஆசையின் அடையாளம் என்றோ, அதிர்ஷ்ட மச்சம் என்றோ பேசப்பட்டு, பேச்சோடு பேச்சாகவே வளர்ந்தது. அன்றைய தாய்மார்கள் செய்தது பிழையன்று. செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இன்று செய்வதற்கு இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போய், மக்கள் புந்தோங்கிலும் ஈப்போவின் புறநகர் அடுக்குமாடிகளிலும் குடியேறிய பின்னும் பழைய விளக்கங்கள் மட்டும் கூடவே வந்திருக்கின்றன என்றால், அவற்றை இறக்கி வைக்க வேண்டிய காலம் இதுவே.

அவையோரே, இனி மருந்துகளுக்கு வருவோம். வாய்வழி மருந்துகளில் முதலில் வந்தது ஸ்டீராய்டு. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஜாரெம், எட்ஜர்டன் ஆகிய இருவரும் 1967இல் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தால் இத்தகைய கட்டிகள் சுருங்கியதை வெளியிட்டனர். அதன் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதுவே முதல் மருந்தாக இருந்தது. குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் என்ற கணக்கில், மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அது வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் என்ன விலைக்கு? குழந்தையின் முகம் உப்பும். எரிச்சலும் அழுகையும் கூடும். இரத்த அழுத்தம் உயரும். உயர வளர்ச்சி தடைப்படும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிவிடுவதால் மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது. தடுப்பூசியிலும் சிக்கல் எழும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படும் தடுப்பூசிகளை, உயர்ந்த அளவு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குத் தள்ளிப்போட வேண்டும். மலேசியத் தடுப்பூசி அட்டவணையில் 9ஆம் மாதமும் 12ஆம் மாதமும் போடப்படும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி அந்த வகையைச் சேர்ந்தது.

ஸ்டீராய்டுக்கு அடங்காத கட்டிகளுக்கு ஊசி வழியாக இன்டர்ஃபெரானும் வின்கிறிஸ்டினும் கொடுக்கப்பட்டன. இன்டர்ஃபெரான் பெற்ற குழந்தைகளில் சிலருக்குக் கால்கள் விறைத்து நடை முடங்கும் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதால் அந்த வழி பெரிதும் கைவிடப்பட்டது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு கட்டிக்காக இத்தனை கடுமையான மருந்துகளா என்ற கேள்வி மருத்துவர்களை விடாமல் துரத்தியது.

விடை, யாரும் தேடாத திசையிலிருந்து வந்தது. பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு வந்தபோது, இதயத் தசை தடித்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் கோளாறு உண்டானது. அந்த இதயத்துக்காகப் புரோப்ரனோலால் என்னும் மருந்து தொடங்கப்பட்டது. மறுநாளே, கடுஞ்சிவப்பாக இருந்த கட்டி ஊதா நிறத்துக்கு மாறி இளகியது. இதயத்துக்குக் கொடுத்த மருந்து கட்டியைக் கரைக்கிறது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடாமல், கிறிஸ்டின் லியோதே-லாப்ரெஸ் என்னும் தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்து, மொத்தம் 11 குழந்தைகளின் விவரத்தை 2008 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதமாக வெளியிட்டனர். அந்தச் சிறிய கடிதம் நாற்பதாண்டு வழக்கத்தைப் புரட்டிப் போட்டது.

புரோப்ரனோலாலுக்கும் மலாயாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது இந்த அவை அறிய வேண்டிய செய்தி. இம்மருந்தை 1960களில் உருவாக்கிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக், மருத்துவப் படிப்பால் சேர்ந்த கடன் சுமையோடு 1947இல் சிங்கப்பூருக்கு வந்து, பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக மாறிய ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1950 வரை விரிவுரையாளராகப் பணியாற்றியவர். நெஞ்சுவலியால் துன்புறும் நோயாளியின் இதயத்துக்கு ஓய்வு தர அவர் உருவாக்கிய மருந்து, 1988இல் அவருக்கு நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பச்சிளங் குழந்தைகளுக்கும் பயன் தந்தது.

இம்மருந்து எவ்வாறு செயல்படுகிறது? உடலில் அட்ரினலின் என்னும் சுரப்பு சென்று பொருந்தும் ஏற்பிகளில் ஒரு வகைக்குப் பீட்டா ஏற்பி என்று பெயர். அவற்றை அடைத்து வைக்கும் மருந்துகள் பீட்டா தடுப்பான்கள் எனப்படும். புரோப்ரனோலால் முதல் சில நாட்களில் கட்டியின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நிறம் மங்குகிறது. அடுத்த வாரங்களில் புதிய குழாய்கள் முளைக்கத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. நாளடைவில் பெருகிய உயிரணுக்கள் மடிய வழி செய்கிறது. முதல் விளைவு நிறத்தில் தெரியும். மற்றவை அளவில் தெரியும்.

ஒரு கடிதம் போதுமா? போதாது. 11 குழந்தைகளின் அனுபவம் நம்பிக்கை தரும், சான்று ஆகாது. எனவே ஒரு பெரிய சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவு 2015இல் வெளிவந்தது. ஒரு மாதம் கடந்து ஐந்து மாதம் நிறையாத 460 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் கரைசலும் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கட்டி முற்றிலுமாகவோ ஏறத்தாழ முற்றிலுமாகவோ மறைந்தது. வெறும் கரைசல் பெற்றவர்களில் அப்படி மறைந்தது 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஐந்தாம் வாரத்துக்குள்ளேயே மருந்து பெற்றவர்களில் 88 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. வெற்றி கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மீண்டும் மருந்து தேவைப்பட்டது என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. முழு முடிவு அச்சேறும் முன்பே, 2014இல், அமெரிக்காவும் ஐரோப்பாவும் குழந்தைகளுக்கான புரோப்ரனோலால் கரைசலுக்கு ஒப்புதல் அளித்துவிட்டன.

சரி, ஸ்டீராய்டோடு நேருக்கு நேர் வைத்தால்? 2014இல் வெளியான ஒரு சோதனையில் 19 குழந்தைகளே இருந்தனர். இரு மருந்துகளும் கட்டியைச் சுருக்கின. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் பிரெட்னிசலோன் பெற்றவர்களிடமே மிகுதியாக இருந்தன. 2017இல் 34 குழந்தைகளைக் கொண்டு கொரியாவில் நடந்த இன்னொரு சோதனையிலும் கட்டி சுருங்கிய அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இந்தச் சோதனைகள் கற்பிக்கும் பாடம் தெளிவானது. ஸ்டீராய்டு ஆற்றலில் தோற்று வெளியேறவில்லை. குழந்தையின் உடல் அதற்காகக் கொடுத்த விலையால் வெளியேறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் புரோப்ரனோலாலை முதல் மருந்தாகவும், அதை எடுக்க முடியாத குழந்தைகளுக்கும் அதற்கு அடங்காத கட்டிகளுக்கும் மட்டும் பிரெட்னிசலோனையும் பரிந்துரைத்தது.

முதல் மருந்து என்றால் தீங்கற்ற மருந்து என்று பொருளில்லை. புரோப்ரனோலால் இதயத்தில் இருக்கும் ஏற்பிகளை மட்டும் அடைப்பதில்லை. மூச்சுக்குழாயில் இருப்பவற்றையும் அடைக்கிறது. எனவே இழுப்பும் மூச்சிரைப்பும் உள்ள குழந்தைக்கு அது மூச்சுத் திணறலைக் கூட்டும். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் செல்கிறது. தூக்கம் கலைவது, இரவில் திடுக்கிட்டு அழுவது ஆகியவை அதனால் வரலாம். கை கால்கள் குளிரும், வயிற்றோட்டம் வரலாம், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையலாம். முகத்தில் பெரிய பரப்பில் கட்டி படர்ந்த குழந்தைகளில் சிலருக்கு மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் குறை இருக்கக்கூடும் என்பதால், மருந்து தொடங்கும் முன் அவர்களுக்குத் தனிப் பரிசோதனை தேவை.

இவை எல்லாவற்றிலும் தாய்மார்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டியது ஒன்று: இரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோவது. பசித்திருக்கும் குழந்தையின் உடல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவிப்பதற்கு இம்மருந்து தடையாக இருக்கிறது. எனவே மருந்தைப் பாலோடு சேர்த்தோ பால் குடித்த உடனேயோதான் கொடுக்க வேண்டும். 2013இல் வெளியான நிபுணர் கருத்தொற்றுமை, ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு வாரம் முதல் நான்கு மாதம் வரை 5 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, அதற்கு மேற்பட்டால் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பாலூட்ட வேண்டும் என்று வரையறுத்தது. குழந்தை பால் குடிக்க மறுத்தால், வாந்தி எடுத்தால், இழுப்பு வந்தால் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், எழுப்பினாலும் எழாத உறக்கம், வலிப்பு ஆகியவை உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

இந்தக் குறைகளைக் குறைக்க வழியுண்டா என்று தேடியபோது அட்டெனோலால் முன்னே வந்தது. அதுவும் பீட்டா தடுப்பான்தான், ஆனால் இதயத்தில் மிகுதியாக உள்ள ஏற்பி வகையையே பெரிதும் நாடுவது, நீரில் கரைவது, மூளைக்குள் குறைவாகவே புகுவது. 2021இல் சீனாவின் ஆறு மருத்துவமனைகளில் 377 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு வெளியானது. ஆறு மாத முடிவில் புரோப்ரனோலால் பெற்றவர்களில் 93.7 விழுக்காட்டினரிடமும் அட்டெனோலால் பெற்றவர்களில் 92.5 விழுக்காட்டினரிடமும் கட்டி குறைந்திருந்தது. ஆற்றலில் வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். பக்கவிளைவுகளிலோ, புரோப்ரனோலால் பிரிவில் 70 விழுக்காட்டினருக்கும் அட்டெனோலால் பிரிவில் 44.4 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒன்று ஏற்பட்டிருந்தது. மூளை வளர்ச்சி குறித்த அச்சத்துக்கும் ஆறுதலான செய்தி உண்டு. நெதர்லாந்தில் இவ்விரு மருந்துகளையும் பெற்று வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளி வயதில் சோதித்தபோது, ஒரு மருந்தை எடுத்தவர்கள் மற்றதை எடுத்தவர்களைவிட அறிவுத்திறனில் பின்தங்கியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது நாடோலால். இது உடலில் நெடுநேரம் தங்கும் மருந்து. 71 குழந்தைகளைக் கொண்டு கனடாவில் நடந்து 2022இல் வெளியான சோதனை, இது புரோப்ரனோலாலுக்குக் குறைந்ததன்று, வேகத்தில் மிஞ்சவும் செய்கிறது என்று காட்டியது. ஆனால் 2020இல் பதிவான ஒரு துயரச் செய்தியை இதன் அருகில் வைத்தே படிக்க வேண்டும். நாடோலால் தொடங்கிய ஒரு கைக்குழந்தை சில வாரங்களில் இறந்தது. அதன் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்திருந்தது. பல நாட்களாக அக்குழந்தைக்கு மலம் கழியவில்லை என்பதும், இம்மருந்து பெருமளவு மலத்தின் வழியே வெளியேறுவது என்பதும் சேர்த்து எண்ணப்பட்டன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் சில நாட்கள் மலங்கழிக்காமல் இருப்பது இயல்பு. அந்த இயல்பே ஆபத்தாக மாறக்கூடிய ஒரு மருந்தை, வேகத்தை மட்டும் பார்த்து முன்னே நிறுத்த முடியாது.

இரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரிலும் ஒரு காலத்தில் சோதிக்கப்பட்டது. புரோப்ரனோலாலுக்கு ஈடு கொடுக்கவில்லை. மெல்லிய, சிறிய, மேற்பரப்புக் கட்டிகளுக்கு டிமோலால் என்னும் சொட்டு மருந்தைத் தோலின் மேல் தடவும் வழியும் உண்டு. அது வாய்வழி மருந்து அன்று என்றாலும், எல்லாக் குழந்தைக்கும் வாய்வழி மருந்து வேண்டியதில்லை என்பதை நினைவூட்ட அதன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, ஒப்பீட்டின் தீர்ப்பு என்ன? சான்றின் வலிமையால் புரோப்ரனோலால் முதலிடம் பெறுகிறது. தூக்கக் கேடு தாங்க முடியாத குழந்தைக்கும் மூச்சிரைப்புக் கவலை உள்ள குழந்தைக்கும் மருத்துவர் எண்ணிப் பார்க்கத் தக்க இரண்டாமிடம் அட்டெனோலாலுக்கு உரியது; ஆயினும் மூச்சுக்குழாயை அது முற்றிலும் தொடாது என்று உறுதி கூற முடியாது. நாடோலால் ஆற்றல் மிக்கது. ஆனால் அணுக்கக் கண்காணிப்புக்கு உரியது. பிரெட்னிசலோன் பிற வழிகள் அடைபட்டபோது திறக்கும் கதவு. இதுவே முதல் கேள்விக்கான விடை.

இரண்டாம் கேள்வி: எந்த வாரத்தில்? அவையோர் ஊன்றிக் கேட்க வேண்டிய இடம் இது. கட்டியின் வளர்ச்சி பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தோடு முடிகிறது என்று முன்னரே கூறப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இக்குழந்தைகள் தோல் நிபுணரை முதன்முதலாகப் பார்த்த சராசரி வயதும் ஐந்து மாதமாகவே இருந்தது. வளர்ச்சி முடிந்த பின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைத் தேடிச் செல்வதில் என்ன பயன்? வெடித்த கண்ணிமையும் விரிந்த மூக்கும் பழைய நிலைக்கு எப்படித் திரும்பும்? நிபுணர் பலர் நிறைந்த நாட்டிலேயே அந்த நிலை என்றால், பாகான் செராயிலும் தெலுக் இந்தானின் உட்புறங்களிலும் வாழும் குடும்பங்கள் எத்தனை விழிப்போடு இருக்க வேண்டும்! அதனால்தான் 2019 வழிகாட்டி, கவலைக்குரிய கட்டி உள்ள குழந்தையை ஒரு மாத வயதிலேயே நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது.

இதற்கான வழி மலேசியாவில் அடைபட்டிருக்கவில்லை. பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயைத் தேடிச் சமூகத் தாதியர் வருகின்றனர். மக்கள் அன்போடு மிஸ்ஸி என்று அழைக்கும் அவர்களிடம் குழந்தையின் தோலில் தெரியும் எந்தச் சிவப்பையும் காட்டிவிடலாம். தாய் சேய் நல கிளினிக்கில் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். குடிமக்களுக்கு அரசு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட். தடை பணமன்று, ‘பார்ப்போம், தானாகப் போய்விடும்’ என்னும் ஒரு சொல்லே தடை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், கைப்பேசியில் அந்தக் கட்டியைப் படமெடுத்து வைத்தால், வளர்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை; மருத்துவருக்கும் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

மூன்றாம் கேள்வி: யார் கையால்? மருத்துவமனையில் துடிப்பையும் அழுத்தத்தையும் அளந்து மருந்து தொடங்கப்பட்டாலும், அடுத்த பல மாதங்கள் அதைக் கொடுப்பது வீடுதான். அளவைப் பற்றிய ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், காலை 7.5, மாலை 7.5. ஐரோப்பாவில் விற்கப்படும் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 3.75 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதில் ஒரு வேளைக்கு 2 மில்லிலிட்டர் போதும். மாத்திரையைப் பொடித்து ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்குமாறு கலந்த கரைசலாக இருந்தால், அதே மருந்துக்கு 7.5 மில்லிலிட்டர் வேண்டும். பழைய பாட்டிலின் அளவைப் புதிய பாட்டிலுக்குப் பொருத்தினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? எனவே ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று மருந்தாளரிடம் கேட்டு, பாட்டிலின் மேல் எழுதி வாங்க வேண்டும். தேக்கரண்டியால் அளக்கக் கூடாது. மருந்துக்கான சிரிஞ்சால் மட்டுமே அளக்க வேண்டும். குழந்தையின் எடை கூடக் கூட அளவும் மாறும் என்பதால், மருத்துவர் குறித்த நாளில் எடை பார்க்கத் தவறக் கூடாது.

தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைமாற்று வேலைக்குச் செல்ல, பாட்டியோ பராமரிப்பாளரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இன்று மிகுதி. தாய் கொடுத்துவிட்டுப் போன மருந்தைப் பாட்டி மீண்டும் கொடுத்துவிடுவதும், இவர் கொடுத்திருப்பார் என்று அவரும் அவர் கொடுத்திருப்பார் என்று இவரும் விட்டுவிடுவதும் அத்தகைய வீடுகளில் நேரக்கூடியவை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்தவர் கொடுத்த நேரத்தைக் குறித்து வைத்தால் இந்த ஆபத்து விலகும். இரண்டு வேளைகளுக்கும் இடையே குறைந்தது 9 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. குழந்தை துப்பிவிட்டாலும் மறுபடி கொடுக்கக் கூடாது. கட்டி மங்கிவிட்டது என்று இரண்டு மாதத்தில் தாமாகவே நிறுத்தவும் கூடாது. ஏறத்தாழ ஒரு வயது வரை தொடராவிட்டால் கட்டி மீண்டும் தலைதூக்கக்கூடும். வசம்பும் மஞ்சளும் எண்ணெயும் கட்டியின் மேல் தேய்க்கத் தக்கவை அல்ல. புண்ணான இடத்தில் அவை கிருமிக்கு வழி திறக்கும். கட்டியை மறைக்க மையிட்டு விடுவதும் வளர்ச்சியை மறைப்பதாகவே முடியும்.

அவையோரே, எந்த மருந்து என்ற கேள்விக்கு விடை காண அறிவுலகத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. எந்த வாரத்தில், யார் கையால் என்ற கேள்விகளுக்கு விடை காண ஒரு குடும்பத்துக்கு நான்கே வாரங்கள்தான் இருக்கின்றன. ஆகவே இந்த அவையிலிருந்து எழுந்து செல்லும் ஒவ்வொருவரும் மூன்று செயல்களைத் தம் கடமையாக ஏற்க வேண்டும். உறவிலோ அண்டை வீட்டிலோ குழந்தை பிறந்தால், முதல் மாதத்துக்குள் அதன் தோலைத் தலைமுதல் கால்வரை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கண், மூக்கு, உதடு, தாடை, டயப்பர் உரசும் இடம் ஆகியவற்றில் சிவப்பு எழும்பினாலும், ஐந்து இடங்களில் தெரிந்தாலும், அந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் மருந்து எழுதினால், பால் கொடுத்து, அளந்து, குறித்து வைத்து, அவர் நிறுத்தச் சொல்லும் நாள் வரை கொடுங்கள். மருந்து இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, காலம் மட்டும் காத்திருப்பதில்லை. பேராவில் இனிப் பிறக்கும் எந்தத் தமிழ்க் குழந்தையும் தாமதத்தால் பார்வையையோ முக வடிவையோ இழக்கக் கூடாது.